பெட்ரோல் லைனைக் கழற்றும் முன்: பிரஷர் இறங்க மறுத்தால் எங்கே பார்ப்பது

முந்தின நாள் மாலையே ஷெட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க நின்றிருந்த வண்டி அது. காலையில் ஃபியூல் ஃபில்டரைக் கழற்றச் சொன்னேன். "அண்ணே, லைன்ல பிரஷர் இருக்குமா?" என்று கேட்டான் கூட வேலை பார்த்த தம்பி. "நேத்து நிறுத்தின வண்டிடா, ஒண்ணும் இருக்காது" என்றேன். அவன் குனிந்து லைன் மூட்டின் லாக்கை அழுத்தி இழுத்தான். பெட்ரோல் நேராகக் கண்ணில் அடித்தது. குழாயடியில் உட்கார வைத்து, இமையைப் பிரித்துப் பிடித்துக் கால் மணி நேரம் தண்ணீர் விட்டோம். அப்புறம் ஆஸ்பத்திரி. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி, நான் சொன்னது தப்பான பதில். அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இது.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கிறது. சாதாரண எம்பிஎஃப்ஐ காரில், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் காரில், அது லைனை 3 முதல் 4 பார் பிரஷரில் வைத்திருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார்தான். என்ஜினை நிறுத்தியதும் இந்தப் பிரஷர் இறங்கிவிடாது, இறங்கவும் கூடாது. அடுத்த முறை செல்ஃப் அடித்தவுடன் வண்டி பிடிக்க வேண்டும், வெயிலில் லைனுக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடக் கூடாது என்பதற்காகவே பம்பில் ஒரு வழி வால்வு வைத்திருக்கிறார்கள். வால்வு நன்றாக இருக்கும் வண்டியில் பிரஷர் பல மணி நேரம் நிற்கும். ஆக, ஆரோக்கியமான வண்டிதான் கழற்றுகிறவருக்கு ஆபத்தான வண்டி.

"சூடு ஆறட்டும், தானாக இறங்கிவிடும்" என்பதையும் நம்ப வேண்டாம். நிறுத்திய கொஞ்ச நேரத்துக்கு பானட்டுக்குள் சூடு ஏறவே செய்யும். அடைபட்ட பெட்ரோல் விரிந்து, சில வண்டிகளில் பிரஷர் இன்னும் கூடும்.

முதலில், சரியான முறை

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடான என்ஜினைப் பெட்ரோல் இல்லாமல் திணறவிட்டு நிறுத்தினால், சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். கொளுத்தும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் பெட்ரோல் லைனைத் திறப்பதும் தற்கொலைக்குச் சமம்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். டேங்க் மூடியை ஒருமுறை திறந்து, உள்ளே அடைந்திருக்கும் ஆவியை வெளியே விட்டு மூடுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்து ஃபியூல் பம்ப் ரிலேயை, அதாவது பம்புக்கு மின்சாரம் விடும் சின்ன டப்பா ஸ்விட்ச்சை, எடுங்கள். இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். லைனில் இருக்கும் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடி, திணறி, தானாக நிற்கும். நின்ற பிறகு மறுபடி செல்ஃப் அடியுங்கள், மூன்று விநாடி வீதம் இரண்டு மூன்று முறை. பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். என்ஜின் நின்றது என்றால் ஓடுவதற்குப் போதுமான பிரஷர் இல்லை என்றுதான் அர்த்தம். மிச்சம் மீதியை இறக்குவது இந்தச் செல்ஃப்தான்.

அப்புறம் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இதை லைனைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பெட்ரோல் சிந்தியபின் டெர்மினலைத் தொட்டால், அதில் வரும் சின்னப் பொறி போதும்.

கழற்றப் போகும் மூட்டைச் சுற்றி முதலில் மண்ணைத் துடைத்துவிடுங்கள். பனியன் வேஸ்ட்டை நன்றாகச் சுற்றிப் பிடித்து, முகத்தை விலக்கி, மெதுவாகத் திறக்க வேண்டும். கண்ணாடி கட்டாயம். பிரஷர் முழுக்க இறங்கினாலும் லைனுக்குள் பெட்ரோல் இருக்கும், ஒரு டீ கிளாஸ் அளவு வரலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழிவது வேறு, பீய்ச்சுவது வேறு.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகக்கூடியது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். ஷெட்டில் என்றால் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழி. அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தள பார்க்கிங்கில் என்றால் சம்ப். அங்கே தண்ணீர் மோட்டார் ஆட்டோமேட்டிக்காக ஓடத் தொடங்கினால், அந்த ஸ்விட்ச்சின் பொறி எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். மூடிய பார்க்கிங்கில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம், திறந்த வெளிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஷெட்டில் காலையில் சாமி படத்துக்கு ஏற்றிய விளக்கும் ஊதுபத்தியும் அணைந்துவிட்டனவா என்று நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் ஸ்பேனரைத் தொடுகிறேன். குண்டு பல்பு கை விளக்கு ஆகாது. சூடான பல்பில் ஒரு துளி தெறித்தால் உடைந்து, உள்ளே இருக்கும் கம்பியே தீ மூட்டிவிடும். எல்இடி டார்ச் போதும். கை எட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். தண்ணீர் வாளி உதவாது, எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும்.

ரிலேயை எடுத்தும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது

அரை நிமிடம் ஓடினால் பரவாயில்லை. ஒரு நிமிடம் தாண்டியும் திணறலே இல்லாமல் ஓடினால், நீங்கள் எடுத்தது வேறு ரிலே. ஹார்ன், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் ரிலே இருக்கும். உறுதி செய்ய எளிய வழி உண்டு. ரிலே இருக்கும்போது சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடி நிற்கும். சரியான ரிலேயை எடுத்தபின் அந்தச் சத்தம் வராது.

தனி ரிலேயே இல்லாத வண்டிகளும் வந்துவிட்டன. அவற்றில் பம்ப் ஃபியூஸை எடுக்கலாம். அல்லது பின் சீட்டுக்கு அடியில் மூடி இருக்கும் வண்டிகளில், அதைத் திறந்து பம்பின் மின் கனெக்டரைக் கழற்றலாம். சாவி ஆஃப் செய்த பிறகுதான்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று சிஎன்ஜி. சிஎன்ஜியும் பெட்ரோலும் சேர்ந்த வண்டி கேஸில் ஓடிக்கொண்டிருந்தால், பெட்ரோல் பம்ப் ரிலேயை எடுத்தாலும் அதற்குக் கவலை இல்லை. நாள் முழுக்க ஓடும், பெட்ரோல் லைனில் பிரஷர் அப்படியே நிற்கும். ஸ்விட்ச்சைப் பெட்ரோலுக்கு மாற்றி, பெட்ரோலில்தான் ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டு ரிலேயை எடுங்கள். கேஸ் லைன் பக்கமே கை போகக் கூடாது. சிலிண்டரில் நிரப்பும் பிரஷர் 200 பார், அது அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேலை.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை, பிறகு எப்படி இறக்குவது?

பழுதாகித்தானே வண்டி வந்திருக்கிறது! பெரும்பாலும் நிலைமை இதுதான். செல்ஃப் எடுக்கிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால், ரிலேயை எடுத்துவிட்டு விட்டு விட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் செல்ஃப் மோட்டார் ஆற நேரம் கொடுங்கள். இன்ஜெக்டர்கள் திறந்தால் பிரஷர் கணிசமாக இறங்கும். கிராங்க் சென்சார் பழுதால் வண்டி நின்றிருந்தால் மட்டும் இது பலிக்காது. என்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியே கம்ப்யூட்டருக்குப் போகாததால் இன்ஜெக்டர் திறக்காது.

செல்ஃபே எடுக்கவில்லை என்றால் ஃபியூல் ரெயிலை, அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயை, பாருங்கள். சில வண்டிகளில் டயர் வால்வு போலவே, மூடியோடு, ஒரு சோதனை வால்வு இருக்கும். பெட்ரோல் பிரஷர் கேஜை மாட்டினால் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கேஜிலேயே வடிகால் குழாய் இருந்தால் அதை ஒரு உலோகக் கேனுக்குள் விட்டுத் திறக்கலாம். கேஜ் இல்லாதவர்கள் வால்வைத் துணியால் மூடி, நடு ஊசியை மெல்ல அழுத்துவார்கள். ஊசியைக் குத்திவிட்டுத் துணியைத் தேடக் கூடாது, துணி முதலில்.

நம் சாலைகளில் ஓடும் பல வண்டிகளில் இந்த வால்வு கிடையாது. அப்போது கடைசி வழி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த என்ஜினில், மூட்டைச் சுற்றிக் கனமாகத் துணி கட்டி, மயிரிழை மயிரிழையாகத் தளர்த்துவது. பிரஷர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே செய்ய வேண்டும். நனைந்த துணியை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு உடனே வெளியே கொண்டுபோய்விடுங்கள். அனுபவம் இல்லாதவர் இந்த வழியைத் தனியாக முயற்சி செய்யாமல், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவதே நல்லது.

எல்லாம் செய்தும், கழற்றும்போது பீய்ச்சியது

இங்கேதான் நான் நிறைய யோசித்திருக்கிறேன், ஏனென்றால் முறைப்படி செய்தவர்களுக்கும் இது நடக்கிறது.

முதல் சந்தேகம், செல்ஃபை மறுபடி அடிக்காமல் விட்டது. அடுத்தது, நடுவில் யாரோ ரிலேயைத் திரும்ப மாட்டியது. "ரிலே வெளியே கிடக்குதே" என்று நல்ல எண்ணத்தில் மாட்டிவிட்டு, இன்னொருவர் கண்ணாடியை இறக்கச் சாவியைத் திருப்புவார். இரண்டே விநாடியில் லைன் பழைய பிரஷருக்குப் போய்விடும். எடுத்த ரிலேயையும் சாவியையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். பக்கத்தில் எவ்வளவு நம்பிக்கையான ஆள் இருந்தாலும் இதை மாற்ற மாட்டேன்.

சாவியே தொடாமலும் பிரஷர் ஏறும் வண்டிகள் உண்டு. வோக்ஸ்வாகன் குழும வண்டிகள் பலவற்றில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாலே பம்ப் ஒருமுறை ஓடும். வண்டி உடனே பிடிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கருவி எடுக்கக் கதவைத் திறந்தீர்கள், லைன் நிரம்பிவிட்டது, உங்களுக்குத் தெரியாது. பேட்டரியைக் கழற்றச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், வெயிலில் நின்ற வண்டியைத் திரும்ப வந்து திறப்பதும் உண்டு. மே மாதத்தில் டேங்குக்குள் ஆவி அழுத்தம் சேர்ந்துவிடும். இடைவெளி விட்டால் டேங்க் மூடியை மறுபடி திறந்து மூடிவிட்டு, துணி சுற்றியே தொடங்குங்கள்.

பீய்ச்சிவிட்டால் கையால் அடைக்கப் போகாதீர்கள், லைனைத் திரும்ப மாட்ட முடிந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் விலகுங்கள். எந்த ஸ்விட்ச்சையும் போட வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம், அணைக்கும்போதும் பொறி வரும். சிந்தியதன் மேல் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளுங்கள், சாக்கடையில் கழுவிவிடாதீர்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நனைந்த சட்டையோடு அடுப்புப் பக்கமோ சிகரெட் பிடிப்பவர் பக்கமோ போகக் கூடாது.

பீய்ச்சவில்லை, ஆனால் ஒழுகுவது நிற்கவில்லை

இது பிரஷர் இல்லை. டேங்கில் பெட்ரோல் மட்டம் நீங்கள் திறந்த இடத்தைவிட உயரத்தில் இருந்தால், தண்ணீர்த் தொட்டியில் டியூப் போட்டு இழுத்ததுபோல வந்துகொண்டே இருக்கும். காருக்கு அடியில் ஃபில்டர் இருக்கும் வண்டிகளில் இது சகஜம். திறந்த முனையைப் பொருத்தமான ரப்பர் மூடியால் அடைத்துவிட்டால் போதும். போல்ட்டைச் செருகி அடைப்பார்கள், லைனின் உள்பக்கம் கீறிவிடும். இந்த வேலைக்கு வண்டியை வரச் சொல்லும்போதே டேங்கைக் கால்வாசிக்குக் கீழே வைத்துக்கொண்டு வரச் சொல்வது மேல்.

டேங்கைக் காலி செய்ய வாயால் டியூபை உறிஞ்சுவது நம் ஊரில் எல்லோரும் பார்த்த காட்சி. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் அது உயிருக்கே உலை. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும் வழியில்தான் நுரையீரலுக்குள் இறங்கும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கையால் அமுக்கும் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி டைரக்ட் இன்ஜெக்‌ஷன்

டிஎஸ்ஐ, டர்போ ஜிடிஐ என்று பின்னால் எழுதியிருக்கும் வண்டிகளில் இரண்டு பிரஷர் உண்டு. டேங்கிலிருந்து என்ஜின் வரை வருவது மேலே சொன்ன கணக்கு, கொஞ்சம் கூடக்குறைய. அதற்கப்புறம் கேம் ஷாஃப்ட் ஓட்டும் இன்னொரு பம்ப் அதை 200 பார், சில என்ஜின்களில் 350 பார் வரை ஏற்றும். அந்தப் பக்கத்து இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்த இந்தக் கட்டுரை போதாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டி, உண்மையான பிரஷர் எவ்வளவு என்று எண்ணைப் பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும். அந்த வேகத்தில் வரும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி ஒரு புள்ளி விழுந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராதீர்கள். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "அதிக பிரஷரில் பெட்ரோல் உள்ளே போய்விட்டது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

வேலை முடிந்தது, செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை

லைனில் காற்று. ரிலேயையும் பேட்டரியையும் மாட்டினீர்களா என்று பார்த்துவிட்டு, சாவியை ஆன் செய்து மூன்று விநாடி வைத்து ஆஃப் செய்யுங்கள். நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடிக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். அந்த நேரத்திலேயே கழற்றி மாட்டிய மூட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். உலர்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு அப்புறம்தான் செல்ஃப்.

என்ஜின் விளக்கு எரிந்தால், பெரும்பாலும் நீங்கள் பெட்ரோலை நிறுத்திய அந்தச் சில விநாடிகளின் பதிவுதான் அது. ஸ்கேனரில் தெரியும் கோடு பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0087 என்றால் ரெயில் பிரஷர் குறைவு, பி0230 என்றால் பம்ப் மின்சுற்று. ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்ப வந்தால் ஃபில்டரில் பெட்ரோல் ஓடும் திசையைக் காட்டும் அம்பு தலைகீழா, ரிலே சரியாக உட்கார்ந்ததா என்று தேடுங்கள்.

இரண்டு நாள் ஆகியும் பெட்ரோல் வாடை

சிந்திய பெட்ரோலின் வாடை ஒரு நாளில் போய்விடும். அதற்கு மேலும் அடித்தால் கசிவு இருக்கிறது, ஓட்டக் கூடாது. லாக் 'டக்' என்று விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால் அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள், பழையதை மறுபடி போட்டிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். புதிய ஓ-ரிங்கில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவி மாட்டினால் மடங்காமல் உட்காரும்.

ரப்பர் டியூப் மாற்றியிருந்தால் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று இருந்தால் அது இன்ஜெக்‌ஷன் பிரஷருக்கானது. ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கானது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலை குறைவு. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, சில டியூப்கள் விறைத்து, வளைத்தால் மேலே மெல்லிய வெடிப்புக் காட்டும். அப்படிக் கண்டால் கசிந்த ஒரு துண்டை மட்டும் மாற்றாமல் டேங்கிலிருந்து ரெயில் வரை உள்ள எல்லா ரப்பரையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். பிரஷரை ஒருமுறை இறக்கினால் போதும், அடுத்த மாதம் மறுபடி அந்த லைனைத் திறக்க வேண்டியிருக்காது.